ஏர்போர்ட் பக்கம் ரெண்டு நாள் தங்கினால் என்ன?

20 ஜனவரி 2025, இரவு 9.40. கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)

அக்காவும் மாமாவும் மஸ்கட்டிலிருந்து பிப்ரவரி 9, ஞாயிறு இரவு சென்னையில் இறங்குகிறார்கள். 11ஆம் தேதி தைப்பூசத்துக்கு வடலூரில் ஜோதி பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு வேண்டுதல். எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. மனைவி, ரெண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெள்ளியே கிளம்பி, ஏர்போர்ட் பக்கமே தங்கிச் சுற்றிவிட்டு, ஞாயிறு இரவு எல்லோரும் ஒன்றாகத் திரும்பலாம் என்று பார்க்கிறேன். ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கம் லாரியும் தோல் நாற்றமும்தான் இருக்கிறது, மகாபலிபுரத்தில் ரூம் போடு என்கிறார்கள். அந்தப் பக்கம் இருந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

21 ஜனவரி, காலை 6.15

தம்பி, அந்தத் தோல் நாற்றத்தில் சம்பளம் வாங்கியவன் நான். நாகல்கேணியில் ஒரு தோல் ஷெட்டில் கணக்கு எழுதிக்கொண்டு குரோம்பேட்டையில் குடியிருந்தேன். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் திண்ணை வாழ்க்கை. கொஞ்சம் பாரபட்சத்தோடுதான் எழுதுவேன், கழித்துக்கொண்டு படி.

என்ன பார்ப்பது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலையில், கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று பார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சென்னையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புவார்கள். பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் தாண்டி சிங்கப்பெருமாள்கோயில் வரைக்கும் தெற்கே வரும் பக்கம் அடைத்துக்கொள்ளும். நீ வடக்கே போகிறவன், உன் பக்கம் ஓடும். ஞாயிறு சாயந்திரம் அதே கூட்டம் உள்ளே திரும்பும். பரனூர் சுங்கச்சாவடியில் சென்னை நோக்கிய வரிசைதான் நீளமாக நிற்கும். நீ அன்று இரவு தெற்கே வருகிறாய், மறுபடியும் உன் பக்கம் ஓடும்.

வீட்டிலேயே இருந்துவிட்டு ஞாயிறு சாயந்திரம் வேன் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அந்த வரிசையில் நீயும் ஒருத்தன். அக்கா பெட்டியோடு வெளியே நிற்பார், நீ செங்கல்பட்டில் நிற்பாய். ஆகவே முன்கூட்டியே போய்த் தங்குவதை ஆடம்பரம் என்று நினைக்காதே. அழைத்துவரும் வேலைக்கே அதுதான் சௌகரியம். ஊர் பார்ப்பது கூடக் கிடைப்பது.

21 ஜனவரி, காலை 8.50

டீ குடித்துவிட்டு வந்தேன். தங்குவது எங்கே?

விமான நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று போர்டு போட்ட விடுதிகளை நம்பி ஓடாதே. ஒருமுறை பிரான்ஸில் பாரீஸிலிருந்து வந்த உறவுக்காரர்களை அப்படி ஒன்றில் தங்க வைத்தேன். ஐந்து நிமிடம் உண்மைதான், பறவைக்கு. ஜிஎஸ்டி ரோட்டில் நடுத்தடுப்பு இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் விடுதி இருந்தால் வண்டி எங்கேயோ போய் யூ டர்ன் அடித்துத்தான் வரும். ஆட்டோக்காரர் அந்தச் சுற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்.

நீ பார்க்க வேண்டியது ரயில் பாதையை. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் அந்த ரோட்டை ஒட்டியே ஓடுகிறது. தெற்கிலிருந்து எண்ணினால் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. விமான நிலையத்துக்கு நேர் எதிரே திரிசூலம் ஸ்டேஷன். குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு சாதாரண லாட்ஜ் பிடித்தால் டீ காசில் எங்கும் போய் வரலாம். ரயில் சத்தம் இருக்கும். கடலூர்க்காரனுக்கு ரயில் சத்தம் புதுசா என்ன?

ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் குறைவு, பராமரிப்பு வேலை என்று சில மணி நேரம் நிறுத்துவதும் உண்டு. முதல் நாள் பேப்பரைப் பார்த்துக்கொள்.

22 ஜனவரி, மதியம் 1.30

மகாபலிபுரத்தைக் குறை சொல்வதா என்று அந்தக் கட்சிக்காரர் ஒருத்தர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, மகாபலிபுரத்தை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் ஈசிஆரில் போகும்போதெல்லாம் பார்க்கிற இடம் அது. காலையில் பஸ் ஏறினால் சாயந்திரம் வீடு. அதற்கு ஏன் ஒரு விமானத்தை வீணாக்க வேண்டும்? போதாததற்கு ஞாயிறு சாயந்திரம் ஈசிஆரில் சென்னைக்குத் திரும்பும் கார்களோடு சேர்ந்து ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். கூட்டத்துக்கு எதிர்த்திசை என்று நான் சொன்ன வசதியே அங்கே போய்விடுகிறது.

சரி, பல்லாவரம் பக்கம் என்னதான் இருக்கிறது? மலைகள். வரைபடத்தில் பார்த்தால் தெரியாது, போய் நின்றால் தெரியும். விமான நிலையத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மலைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமி.

பரங்கிமலையில் மாதா கோயில். போர்த்துகீசியர் 1523இல் கட்டியது. அப்போஸ்தலர் தோமா அங்கேதான் கொல்லப்பட்டார் என்பது மரபு. கல்லில் செதுக்கிய பழைய சிலுவை ஒன்று பீடத்தில் இருக்கிறது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. ஏறும் படிக்கட்டைக் கட்டிக்கொடுத்தவர் ஓர் ஆர்மீனிய வியாபாரி, பெத்ரூஸ் உஸ்கான், 1726இல். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய பாலத்தைக் கட்டியவரும் அவரே. மாமியாருக்குப் படி முடியாது என்றால் மேலே வரை கார் ரோடு இருக்கிறது.

உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள் என்றால் அங்கே இன்னொன்றும் காட்டு. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவையே அளக்கிற முக்கோண அளவை வேலையைத் தொடங்கியது இந்த மலையடிச் சமவெளியில்தான். சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போய்விட்டார்கள். மலைமேல் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எந்தப் பாதிரியாரோ என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

22 ஜனவரி, இரவு 10.05

மலை என்றதும் விட்டுப்போனவை ஞாபகம் வருகின்றன.

திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி விமான நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தால் திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்கோயில், அம்மன் திரிபுரசுந்தரி. நாலு மலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் ஒருத்தருக்கும் இப்படி ஒரு கோயில் அங்கே இருப்பது தெரியாது. சாயந்திரம் நடை திறந்ததும் போ. படி கிடையாது, மாமியாருக்கு இதுதான் சரியான கோயில். பழைய கல்குவாரிப் பள்ளங்கள் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதே.

பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் வெட்டிய குடைவரை ஒன்று, தன் பட்டப்பெயர்களை எல்லாம் கல்லில் பொறித்துவைத்திருக்கிறான். இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போகலாம். நான் போனபோதெல்லாம் மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, சொல்லிவைக்கிறேன். இதுதான் கோடரி கிடைத்த இடம் என்று ஓர் அடையாளம்கூட வைக்காமல் கிடக்கிறது. ஃபூட் சேர்த்த கற்கருவிகளைப் பார்க்க எழும்பூர் மியூசியம் போக வேண்டும்.

23 ஜனவரி, காலை 7.00

எதில் போவது என்று தம்பி கேட்கிறார். ஐந்து பேர் போகிறீர்கள், ஏழு பேராக வருகிறீர்கள், மேலே மஸ்கட் பெட்டிகள். கார் போதாது. மூன்று நாளும் வேன் வைத்தால் டிரைவர் பேட்டாவிலேயே மகாபலிபுரத்தில் ரூம் போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போகும்போது ரயில். திருச்சியிலிருந்து வரும் சோழன் எக்ஸ்பிரஸ் திருப்பாதிரிப்புலியூரில் நிற்கும், மத்தியானத்துக்கு மேல். பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சாயந்திரம் தாம்பரத்தில் இறக்கிவிடும். எழும்பூர் வரை டிக்கெட் எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்காதே, தாம்பரத்துக்கே எடு. புதுச்சேரிக்காரர்களுக்கு விடியற்காலையில் எழும்பூர் போகும் ரயில் இருக்கிறது, அதுவும் தாம்பரம் வழிதான்.

பஸ் என்றால், 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் திறந்ததிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பஸ்கள் அங்கேயே நம்மை இறக்கிவிடுகின்றன. கோயம்பேடு போகிறவர்கள் இதற்கு எவ்வளவு திட்டினாலும், ஏர்போர்ட் பக்கம் போகிற நமக்கு அது லாபம். மாநகரப் பேருந்து உடனே கிடைக்கும்.

23 ஜனவரி, காலை 7.20

வேன் விஷயம் விட்டுவிட்டேன். ஞாயிறு மட்டும் கடலூரிலிருந்து வேன் வரச் சொல். ஆனால் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். சாயந்திரம் கிளம்பினால் முதல் குறிப்பில் சொன்ன வரிசைதான். டிரைவர் சீக்கிரம் வந்து எங்கேயாவது நிழலில் தூங்கட்டும், இரவு முழுக்க ஓட்டப்போகிறவர்.

புதுச்சேரி வேன் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். பிஒய் வண்டி தமிழ்நாட்டுக்குள் ஓட பெர்மிட் வேண்டும், அதை யார் கட்டுவது என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்கொள். திரும்பி வரும்போது வேனிலிருக்கும் மச்சான் யாராவது புதுச்சேரிக்குள் "ஒரே நிமிஷம் நிறுத்துப்பா" என்றால் நிறுத்தாதே. ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் நடுராத்திரியில் இறக்கிக் காட்ட வேண்டிவரும்.

24 ஜனவரி, இரவு 9.15

இந்தப் பக்கத்தில் இவ்வளவு பேர் ஏர்போர்ட்டைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பாரீஸில் ஆள் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சுப் பென்ஷன். ஒருத்தர் வருகிறார் என்றால் வேன் நிறையக் கிளம்பிவிடுவார்கள். வருகிறவருக்குத் திரும்பி வரும்போது உட்கார இடம் இருக்கிறதா என்று ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் டீ, மேல்மருவத்தூரில் ஒரு கும்பிடு, அச்சிறுபாக்கம் தாண்டி ரோட்டோரம் புளிசோறு. ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாலு மணி நேரம் கால்கடுக்கக் காத்திருப்பு. வந்தவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வண்டலூர் தாண்டுவதற்குள் எல்லோரும் தூக்கம். பிள்ளைகளுக்குச் சென்னை என்றாலே இரவு நேரத்துப் பார்க்கிங்தான் என்று ஆகிவிட்டது. ஒரு தலைமுறை முழுக்கப் பல்லாவரத்தை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் கடந்துபோயிருக்கிறது.

அதனால்தான் தம்பியின் கேள்வி எனக்குப் பிடித்தது.

லாஸ்பேட்டையிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறதே என்று ஒருத்தர் குசும்பு செய்திருக்கிறார். இருக்கிறது ஐயா. மஸ்கட்டிலிருந்து அங்கே நேராக இறங்க முடிந்தால் இந்தப் பேச்சே இல்லை.

26 ஜனவரி, காலை 11.00

வெள்ளிக்கிழமை என்பதால் உனக்கு ஒரு அதிர்ஷ்டம். பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான். பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடை. செடி, கருவாடு, கோழி, பழைய மிக்சி, ஒற்றைக் கால் மேஜை, கழற்றிய கம்ப்யூட்டர், சைக்கிள் செயின், துணி. வாங்குவதற்கு ஒன்றும் வேண்டாம் என்று போனவன் கையில் ஒரு ஸ்பானராவது இருக்கும். சோழன் சரியான நேரத்துக்கு வந்தால் பையை லாட்ஜில் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் போய்விடலாம். ரயில் லேட் என்றால் சந்தைக்கு ஆசைப்படாதே. இருட்டியதும் மூட்டை கட்டிவிடுவார்கள், அந்த நெரிசலில் சின்னப் பிள்ளையோடு மாட்டக்கூடாது. மொபைலைச் சட்டைப் பையில் வைக்காதே.

உன் மனைவி புடவை விஷயம் கேட்டிருக்கிறார். அனகாபுத்தூர். விமான நிலையத்துக்கு மேற்குப் பக்கம், அடையாற்றை ஒட்டிய பழைய நெசவு ஊர். வாழைநாரைப் பருத்தியோடு சேர்த்துப் புடவை நெய்கிறார்கள். தறிச் சத்தம் முன்னே தெரு முழுக்கக் கேட்கும், இப்போது தேடித்தான் போக வேண்டும். நெய்கிற வீட்டிலேயே வாங்கலாம், தறியையும் பிள்ளைகள் பார்க்கலாம். விலை பேசுவதற்கு முன் அவர் ஒரு புடவைக்கு எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டுப் பேசச் சொல்.

28 ஜனவரி, மாலை 5.45

பெரிய பையனுக்கு விமானம் பார்க்க வேண்டுமாம். ஏர்போர்ட் வாசலில் நின்றால் ஒன்றும் தெரியாது, காரும் போலீஸும்தான். பரங்கிமலை உச்சிதான் இடம். ஓடுபாதை முழுக்கத் தட்டில் வைத்த மாதிரி தெரியும், ஏறுவதும் இறங்குவதும் வரிசையாக. வெயில் தாழ்ந்த பிறகு ஐந்து மணி சுமாருக்குப் போ.

மேலே நின்று பார்க்கும்போது இன்னொரு ஓடுபாதையையும் காட்டு. இரண்டாவது ஓடுபாதையை நீட்ட இடம் இல்லாமல் அடையாற்றின் மேல் பாலம் கட்டி அதன்மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆற்றின் மேல் விமானம் ஓடுகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறுதான் விமான நிலையத்துக்குள் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த ராத்திரிக்கு அப்புறம் விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. அரக்கோணத்தில் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் வீடுகளில் தண்ணீர். எங்கள் ஷெட்டில் ஊறவைத்த தோல் எல்லாம் மிதந்துபோனது. முதலாளி அழுததை அன்றுதான் பார்த்தேன். தானே புயல் பார்த்த கடலூர்க்காரனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

28 ஜனவரி, இரவு 8.10

மூன்று கோயில் சேர்த்துக்கொள்ளலாமா என்று மாமியார் சார்பாகக் கேள்வி. சனிக்கிழமை காலையில் திருநீர்மலை. திவ்யதேசம். ஒரே ஊரில் பெருமாளை நின்ற, இருந்த, கிடந்த, நடந்த நாலு கோலத்திலும் சேவிக்கலாம் என்பது அதன் விசேஷம். திருமங்கை ஆழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர், வடிவதற்கு ஆறு மாதம் காத்திருந்தாராம். நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள் அடிவாரத்திலேயே இருக்கிறார். மாமியார் அங்கே சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்காரட்டும், மற்ற மூன்றுக்கும் நீங்கள் மலையேறுங்கள். குளத்துப் பக்கம் காற்று நன்றாக வரும்.

குன்றத்தூர் முருகனை நான் தள்ளிவைக்கச் சொல்வேன். கோயிலில் குறை இல்லை. 11ஆம் தேதி தைப்பூசம், அதற்கு முந்தின சனி ஞாயிறில் முருகன் கோயில் கூட்டத்தை யோசித்துப் பார். ஆனால் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் சொந்த ஊர் அது. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய கதையை அவர் பாடித்தான் நாம் கேட்டோம். கடலூர்க்காரன் ஒருமுறை போக வேண்டிய ஊர்தான், இந்த முறை வேண்டாம்.

மூன்றாவதாக நங்கநல்லூர் ஆஞ்சநேயர். 32 அடி, ஒரே கல். ஆட்டோவில் போய் வாசலில் இறங்கலாம்.

30 ஜனவரி, காலை 6.40

வில்லியனூரிலிருந்து ஒருத்தர், சொந்தக் கார் வைத்திருப்பவர், போகிற வழியில் வேடந்தாங்கல் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். உங்களுக்குத் தாராளமாக. படாளத்தில் பிரிந்து உள்ளே போக வேண்டும், இது சீசன். விடியற்காலையில் கிளம்பிக் காலை வெயில் ஏறுவதற்குள் அங்கே இருங்கள். இந்த ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் எழுதிக் கொடுத்தாராம். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால் ஊர்க்காரர்களுக்குப் பறவைமேல் உரிமை.

அதே பிளேஸ் துரை பெயர்தான் பக்கத்தில் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையிலும் வருகிறது. கரை உடையும் என்று பயந்து மழை ராத்திரியில் போய்ப் பார்த்தபோது வில்லோடு இரண்டு பேர் கரையில் காவல் நின்றார்கள், கரை நின்றது, துரை தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது கதை. ஒரே கலெக்டர், ஒரு ஏரியில் பறவை, இன்னொரு ஏரியில் ராமர். இரண்டையும் ஒரு காலையில் பார்த்துவிட்டு மதியம் பல்லாவரம் போய்விடலாம்.

தம்பி, நீ இதில் ஆசைப்படாதே. ரயிலில் போகிறவனுக்கு இது வழி இல்லை. திரும்பும்போது அக்காவையும் மாமாவையும் பறவை பார்க்க இழுக்காதே. வெளிநாட்டிலிருந்து வந்த ஆளுக்கு அம்மா கையால் சாப்பாடும் கட்டிலும்தான் முதல் சுற்றுலா.

2 பிப்ரவரி, இரவு 9.30

விமானம் ஞாயிறு இரவிலிருந்து திங்கள் விடியற்காலைக்கு மாறிவிட்டது என்கிறாய். கவலைப்படாதே, கணக்கு கொஞ்சம்தான் மாறுகிறது. வேன் மதியமே வரத் தேவையில்லை, இரவு பத்து மணிக்குக் கடலூரில் கிளம்பட்டும். திரும்பும் கூட்டம் நள்ளிரவுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனால் டிரைவர் பகலில் தூங்கியிருக்கிறாரா என்று வேன்காரரிடம் கேள், "தூங்கிடுவார் சார்" என்றால் விடாதே, வேறு டிரைவர் கேள். விடியற்காலை நாலு மணிக்கு ஜிஎஸ்டியில் நடக்கும் விபத்துகளைப் பற்றி அந்த ரோட்டில் வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும்.

லாட்ஜை இன்னொரு இரவுக்கு நீட்டித்துவிடு. ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்து விடியவைக்கலாம் என்று நினைக்காதே, டிக்கெட் இல்லாதவனுக்கு உள்ளே இடம் இல்லை. மெட்ரோவும் இரவு பதினோரு மணியோடு சரி. நீயும் உன் மனைவியும் மட்டும் வேனில் போய் அழையுங்கள், மாமியாரும் பிள்ளைகளும் ரூமில் தூங்கட்டும், வரும் வழியில் குரோம்பேட்டையில் ஏற்றிக்கொள். ஏர்போர்ட்டிலிருந்து தெற்கேதானே வருகிறாய், சுற்று எதுவும் கிடையாது.

வெளிநாட்டு வருகை இரண்டாவது முனையம், 2023இல் திறந்த புதுக் கட்டடம். இறங்கினது முதல் குடியேற்றம், பெட்டி என்று வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை வேனை அடுக்குமாடி பார்க்கிங்கில் போட்டு வை, ரோட்டில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வேன் உயரம் உள்ளே போகுமா என்று டிரைவரைக் கேட்டுக்கொள். பார்க்கிங்கை ஒட்டியே ஏரோஹப் கட்டடம், ஐந்து திரை சினிமா. ஞாயிறு மதிய வெயிலுக்குப் பிள்ளைகளை அங்கே ஒரு படத்துக்கு அனுப்பலாம். படம் முடிந்து அப்படியே பரங்கிமலை. ஒரு நாள் கூடக் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

3 பிப்ரவரி, காலை 7.10

வண்டலூரை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லாததற்குக் காரணம் மாமியாரின் முழங்கால். 1985இல் திறந்தது, 602 ஹெக்டேர். பேட்டரி வண்டி இருக்கிறது, ஆனால் வார இறுதியில் அதற்கு நிற்கும் வரிசையிலேயே கால் போய்விடும். சனிக்கிழமை திருநீர்மலை, ஞாயிறு காலை வண்டலூர் என்று வைத்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், காலை ஒன்பதுக்கே வாசலில் இருந்தால் விலங்குகளும் விழித்திருக்கும். மாமியாரை அன்று திரிசூலத்தில் விட்டுவிடு என்று எழுதவந்தேன், தனியாக விட்டால் உன் வீட்டில் எனக்குத்தான் திட்டு விழும். நீயே முடிவு செய்.

10 பிப்ரவரி, இரவு 8.20

தம்பி ஊர் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மதியம் வரை எல்லோரும் தூக்கமாம். சோழன் லேட் ஆகிச் சந்தை போயே போய்விட்டது, அது எனக்கு வருத்தம். ஞாயிறு காலை மின்சார ரயில் சில மணி நேரம் இல்லாமல் பஸ்ஸில் வண்டலூர் போனார்கள். திரிசூலம் கோயிலில் மாமியார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாராம், எழுப்பித்தான் கூட்டிவந்திருக்கிறார்கள். பையனுக்கு லாம்டன் பிடிக்கவில்லை, விமானம் பிடித்தது. சரி.

நாளைக்கு வடலூர். கூட்டத்தில் பிள்ளைகள் கையை விடாதே.

12 பிப்ரவரி, காலை 9.00

பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் இதெல்லாம் மாறிவிடுமே என்று ஒருத்தர். வந்தால் நமக்கு வழி மாறும், காஞ்சிபுரம் பக்கம் சுற்ற ஆரம்பிப்போம். ஏகனாபுரத்துக்காரர்கள் 2022இலிருந்து நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். அடையாற்றுக்குள் ஓடுபாதை போட்டு என்ன ஆனது என்று பார்த்த எனக்கு, ஏரிகள் நிறைந்த இன்னோர் இடத்தில் அதையே செய்யப்போகிறார்கள் என்றால் மனசு ஒப்பவில்லை. ஆனால் இது சுற்றுலாப் பேச்சு, இதோடு விடுகிறேன்.

12 பிப்ரவரி, காலை 9.10

நெல்லிக்குப்பத்தில் இருந்து கேட்டவருக்கு: செவ்வாய்க்கிழமை வண்டலூர் பூங்கா மூடியிருக்கும். உங்கள் விமானம் புதன் இரவு என்றால் புதன் காலையே பூங்காவுக்குப் போங்கள், செவ்வாய்க்குத் திருநீர்மலையை வைத்துக்கொள்ளுங்கள். சந்தை உங்களுக்குக் கிடையாது.